முத்தொகுதியின் இரண்டாம் நாவலை வாசிப்பது எப்படி? இளையோர் ஃபேண்டஸி காதல் கதைகளுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மூன்று பாகங்களாக வரும் இளையோர் ஃபேண்டஸி காதல் நாவல்களில், முதல் பாகத்தை ஒரே மூச்சில் முடித்தவர்கள்கூட இரண்டாம் பாகத்தின் நடுவில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. கதை சரியில்லை என்று அவர்கள் காரணம் சொன்னாலும், பல நேரங்களில் சிக்கல் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது. முதல் பாகத்தில் புதிய உலகம் ஒன்று கண்முன் விரிகிறது, நாயகிக்குத் தன் ஆற்றல் தெரியவருகிறது, முதன்முறையாக ஒருவர்மீது மனம் சாய்கிறது. இவையெல்லாம் ஒருமுறை மட்டுமே கிடைக்கும் இன்பங்கள். அவற்றையே மறுபடியும் எதிர்பார்த்து இரண்டாம் பாகத்தைத் திறப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். முதல் பாகத்தில் அவசரமாக எடுத்த முடிவுகளுக்கும், யோசிக்காமல் கொடுத்த வாக்குகளுக்கும், மறைத்து வைத்த உண்மைகளுக்கும் கணக்குத் தீர்க்கும் இடம் இரண்டாம் பாகம். அந்தக் கணக்கில் கண் வைத்து வாசித்தால், மூன்று நூல்களில் சுவை மிகுந்தது பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் என்பது என் எண்ணம். அப்படி வாசிப்பதற்கான வழியை, நூலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: கையில் இருப்பது இரண்டாம் நூல்தானா என்று பாருங்கள்

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். ஒரு முத்தொகுதி வெற்றிபெற்றுவிட்டால் அதே உலகத்தில் அதன் ஆசிரியர் வேறு கதைகளையும் எழுதத் தொடங்குவார். விற்பனைத் தளங்களில் எல்லாமே ஒரு பொதுப்பெயரின்கீழ் கலந்து கிடக்கும். லீ பர்டூகோவின் 'ஷேடோ அண்ட் போன்' 2012ஆம் ஆண்டிலும், அதன் இரண்டாம் பாகமான 'சீஜ் அண்ட் ஸ்டார்ம்' 2013ஆம் ஆண்டிலும், இறுதிப் பாகமான 'ரூயின் அண்ட் ரைசிங்' 2014ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஆனால் 2015ஆம் ஆண்டு வந்த 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்' அதே உலகில் நடக்கும் வேறொரு கதை. இரண்டு நூல்களோடு முடிந்துவிடுவது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்பவையெல்லாம் ஒரே கதையின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாமல், நூலின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, அது எந்த முத்தொகுதியின் எத்தனையாவது பாகம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

திரையில் பார்த்துவிட்டு வருபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இதே 'ஷேடோ அண்ட் போன்' 2021ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தபோது, முத்தொகுதியில் இடமே பெறாத 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்' கதையின் மாந்தர்களை முதல் பருவத்திலேயே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். தொடரைப் பார்த்தாயிற்று, இனி நேரே இரண்டாம் நூலிலேயே இறங்கிவிடலாம் என்று தொடங்குபவர், அங்கே இல்லாத ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பார். இருக்கிறவர்களின் பழைய உறவும் அவருக்குப் பாதிதான் விளங்கும். திரைவடிவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் நாவலுக்கு அது ஈடாகாது. முதல் நாவலை வாசித்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

சில முத்தொகுதிகளில் முதல் இரண்டு நாவல்களுக்கு நடுவே ஒரு குறுநாவலும் இருக்கும். ஹாலி பிளாக்கின் 'த க்ரூயல் பிரின்ஸ்', 'த விக்கட் கிங்' ஆகிய இரண்டுக்கும் இடையில், நாயகியின் இரட்டைச் சகோதரியின் பார்வையில் எழுதப்பட்ட 'த லாஸ்ட் சிஸ்டர்ஸ்' என்ற சிறு மின்னூல் 2018ஆம் ஆண்டில் வந்தது. இத்தகைய இடைநூல்களைத் தவறவிட்டால் கதை அறுந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மைய நாவல்கள் தம்மளவில் நிறைவாக இருக்கும்படிதான் எழுதப்படுகின்றன. பிடித்திருந்தால் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

வயதுப் பிரிவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் நூல் இளையோருக்கு ஏற்றதாக இருந்தது என்பதற்காக இரண்டாவதும் அதே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது; போர், வன்முறை, உடல்நெருக்கம் ஆகிய மூன்றும் இரண்டாம் பாகத்தில் கூடுவதே இயல்பு. சேரா ஜே. மாஸ் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு புகழ்பெற்ற தொடர், முதலில் இளையோர் நூல்களின் வரிசையில் வைக்கப்பட்டுப் பிற்பாடு பெரியவர்களுக்கான நூலாக மறுபதிப்புக் கண்டது. பதின்ம வயதினருக்காக நூல் தேடித் தருபவர்கள், முதல் நூலின் அட்டையில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டாம் நூலின் உள்ளடக்கம் பற்றிய எச்சரிக்கைக் குறிப்பையும் படிப்பது நல்லது.

அடுத்தது: முன்கதைச் சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள்

வார இதழ்த் தொடர்கதைகளில் வருவதைப் போன்ற முன்கதைச் சுருக்கம் இந்த நாவல்களில் பெரும்பாலும் இருக்காது. ஆசிரியர் முதல் சில அத்தியாயங்களில் ஆங்காங்கே ஒரு வரி, அரை வரியாகப் பழையதை நினைவுபடுத்திக்கொண்டே போவார். முதல் நூலை வாசித்துப் பல மாதங்கள் ஆனவருக்கு அது போதாது. இணையத்தில் ரசிகர்கள் தொகுத்திருக்கும் விக்கிப் பக்கங்களைத் தேடிப் போவதுதான் எளிதான வழி என்று தோன்றும். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். முத்தொகுதி முழுவதையும் முடித்தவர்கள் எழுதிய பக்கங்கள் அவை. நாயகனின் பெயரைத் தட்டியதுமே, அவன் மூன்றாம் நூலில் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது முதல் பத்தியிலேயே கண்ணில் விழும்.

அதைவிட நல்ல வழி, முதல் நூலின் கடைசி மூன்று அல்லது நான்கு அத்தியாயங்களை மட்டும் மறுபடி வாசிப்பது. நூல் முழுவதையும் திரும்ப வாசிக்க நேரமும் விருப்பமும் இருப்பவர்கள் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் இரண்டாம் நூலின் கதவு எப்போதும் முதல் நூலின் கடைசி அறைக்குள்தான் திறக்கும் என்பதால், அந்தக் கடைசிப் பகுதியே போதும். வாசித்து முடித்ததும் ஒரு தாளில் நான்கு குறிப்புகள் எழுதிக்கொள்ளுங்கள்: யார் எந்த இடத்தில், எந்த நிலையில் நிற்கிறார்கள்; யாருக்கு எந்த உண்மை தெரியும், யாருக்குத் தெரியாது; யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்; மாய ஆற்றலுக்கு என்ன விதி, என்ன விலை. இவற்றில் இரண்டாவதுதான் மிக முக்கியமானது. இரண்டாம் நூலின் திருப்பங்களில் பாதி, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதிலிருந்தே பிறக்கின்றன.

இதன் பயனைக் காட்ட, இந்தக் கட்டுரைக்காகவே ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு தீவு நாட்டில், தொட்டால் காயம் ஆற்றும் ஆற்றல் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆற்றும்போதும் அவளுடைய நினைவுகளில் ஒன்று அழிந்துபோகும். பகை நாட்டு இளவரசன் ஒருவன் கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் நின்று தன் காதலை அவளிடம் சொல்கிறான். முதல் நூலின் இறுதிப் போரில் அவன் வெட்டுப்பட்டு விழ, அவள் அவனைத் தொட்டுக் காப்பாற்றுகிறாள். அந்த முறை எந்த நினைவு அழிந்தது என்பதை ஆசிரியர் சொல்லாமலே நூலை முடிக்கிறார்.

இரண்டாம் நூலின் மூன்றாம் அத்தியாயம். அரண்மனையில் விருந்து நடக்கிறது. சுற்றிலும் பேச்சுச் சத்தம். இளவரசன் அவள் பக்கமாகச் சாய்ந்து, "அன்றைக்குக் கலங்கரை விளக்கத்தில் நீ சொன்ன பதில் இப்போதும் மாறவில்லையே?" என்று கேட்கிறான். அவள் சிரித்துக்கொண்டே, "எந்தக் கலங்கரை விளக்கம்?" என்கிறாள். அவனும் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கிறான். காட்சி அதோடு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறது. முன்கதை மறந்த வாசகர் இதைக் காதலர்களின் குறும்புப் பேச்சு என்று எண்ணிக் கடந்துவிடுவார். மாயத்தின் விலையைத் தாளில் குறித்து வைத்தவரோ அந்த இடத்திலேயே திடுக்கிட்டு நிற்பார். அவன் சிரித்தது உண்மையான சிரிப்பா, புரிந்துகொண்டுவிட்டதை மறைத்த சிரிப்பா, கோப்பையை ஏன் அப்போது கீழே வைத்தான் என்ற கேள்விகள் அவரைப் பல அத்தியாயங்களுக்குத் துரத்தும். இரண்டு பேரும் வாசிப்பது ஒரே பக்கத்தைத்தான்.

மின்னூலில் வாசிப்பவர்கள் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். மறந்துபோன பெயரைத் தேடல் பெட்டியில் போட்டால், இன்னும் நீங்கள் எட்டாத பக்கங்களின் வரிகளும் சேர்ந்தே வந்து நிற்கும். ஆகையால் தேடுவதை முதல் நூலின் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலவே, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் கதைசொல்லியின் பெயரே தலைப்பாக இருக்கும் நூல்களில் பொருளடக்கப் பக்கத்தைத் திறக்காதீர்கள். நாற்பதாம் அத்தியாயத்துக்கு மேலே ஒருவருடைய பெயர் இருந்தால், முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் அவர் கழுத்துக்கு வரும் கத்தியைப் பார்த்து உங்களுக்குப் பதற்றமே வராது.

முதல் ஐம்பது பக்கங்கள்

இங்கே வேகம் குறைவாகவே இருக்கும். புதிய ஊர், புதிய அரசவை, இதுவரை பெயரளவில் மட்டும் கேள்விப்பட்ட நாடு என்று களம் விரியும்; பெயர்கள் கூட்டமாக வந்து இறங்கும். எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். நாயகியிடமோ நாயகனிடமோ நேருக்கு நேர் பேசுபவர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தேவைப்படும்போது தாமாகவே திரும்பி வருவார்கள். முன்பக்கத்தில் வரைபடம் இருந்தால், முதல் நூலின் வரைபடத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் துறைமுகமோ மலைக்கோட்டையோ, பயணம் எந்தத் திசையில் போகப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

புதியவர்களை அதிகம் திகைக்க வைப்பது கதைசொல்லி மாறிவிடுவது. ஸ்டெஃபனி கார்பரின் 'காரவல்' 2017ஆம் ஆண்டில் வந்தபோது அதன் மையத்தில் இருந்தவள் அக்கா ஸ்கார்லெட். 2018ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பாகமான 'லெஜண்டரி', தங்கை டெல்லாவின் கதையாக மாறிவிட்டது. முதல் நூலில் ஒரு ஜோடியின்மீது ஈடுபாடு வைத்துவிட்டு வந்தவருக்கு இது தன்னை ஏமாற்றியதாகவே படும். உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் நூலில் வெளியே நின்று பார்த்த ஒருத்தியின் மனத்துக்குள் இப்போது நுழைகிறோம். அவளுடைய கண்ணுக்கு அக்கா எப்படித் தெரிகிறாள் என்பதே ஒரு புதிய செய்தி. நூறு பக்கம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் ஒட்டவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

கதைசொல்லி மாறாவிட்டாலும், இரண்டு நூல்களுக்கும் இடையே எவ்வளவு காலம் கடந்திருக்கிறது என்பதை முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடியுங்கள். சில நூல்கள் முந்தைய காட்சியின் மறுநிமிடத்தில் தொடங்கும். சிலவற்றில் பல மாதங்கள் ஓடியிருக்கும். அந்த இடைவெளியில் காதலர்கள் சேர்ந்திருந்தார்களா, பிரிந்திருந்தார்களா என்பது பெரும்பாலும் நேரடியாகச் சொல்லப்படாது. ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள், எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதிலிருந்தே அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

காதலர்கள் பிரிந்திருக்கும் பக்கங்களை எப்படி வாசிப்பது

இந்தக் கட்டுரை முழுவதற்கும் இதுதான் மையம் என்று சொல்லலாம். இந்த வகை நாவல்களின் இரண்டாம் பாகத்தில் காதலர்கள் பிரியாமல் இருப்பது அரிது. பிரிவு உடலளவில் இருக்கலாம், அல்லது ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு ஒருவரையொருவர் நம்ப முடியாத நிலையாக இருக்கலாம். காதலுக்காக நூலை எடுத்தவர்கள், அந்த இருவரும் சேரும் காட்சியைத் தேடிப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போவார்கள். நூலின் பெரும்பகுதி அப்படியே கை நழுவிப்போகும்.

முத்தொகுதி இல்லை, நான்கு நாவல்கள் கொண்டது என்றாலும், ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' தொடரில் 2006ஆம் ஆண்டு வந்த இரண்டாம் நூலான 'நியூ மூன்' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நாயகன் விலகிப்போன பிறகு, நாயகியே சொல்லிவரும் கதையில் திடீரென்று சில பக்கங்கள் வெறுமையாக வருகின்றன. ஒரு பக்கத்தில் அக்டோபர் என்ற சொல் மட்டும், அடுத்து நவம்பர், பிறகு டிசம்பர், ஜனவரி. வேறு ஓர் எழுத்தும் கிடையாது. அச்சுப்பிழையோ என்று நினைத்து வேகமாகப் புரட்டிவிடக் கூடிய இடம் அது. அவளுக்கு அந்த மாதங்களில் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்பதை ஆசிரியர் சொல்லாமல் காட்டிவிட்டார். அந்த நூலைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், பிரிவை எழுதுவதற்கு அவர் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது என்பதை நான் ஒப்புக்கொள்வேன்.

பிரிந்திருக்கும் பகுதிகளில், இல்லாதவர் எந்த வடிவத்தில் இருக்கிறார் என்று தேடுங்கள். அவர் விட்டுச்சென்ற ஒரு பொருள் திரும்பத் திரும்பக் கண்ணில் படலாம்; அவர் சொன்ன ஒரு வாக்கியம் நாயகியின் வாயிலிருந்து வேறொருவரிடம் வெளிப்படலாம்; முன்பு அவர் எடுத்திருக்கக்கூடிய முடிவை இப்போது அவள் எடுக்கலாம். முதல் நூலில் இருவரும் வாதாடிய ஒரு விஷயத்தில், பிரிந்த பிறகு ஒருவர் மற்றவருடைய கட்சிக்கு மாறியிருப்பார்; அதை அவரே கவனித்திருக்க மாட்டார். சேர்ந்திருக்கும் காட்சிகளைவிட இந்த இடங்களில் காதலின் ஆழம் கூடுதலாகத் தெரியும். பிரிவையும் காத்திருத்தலையும் தனித் திணைகளாக வைத்துப் பாடிய மொழியில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிவுக்குப் போர் காரணமாக இருக்கும்போது வாசிப்பு இன்னும் கடினமாகும். லேனி டெய்லரின் முத்தொகுதியில் 2012ஆம் ஆண்டு வந்த இரண்டாம் நூலான 'டேஸ் ஆஃப் பிளட் அண்ட் ஸ்டார்லைட்', காதலர்களான காரூ, அகிவா ஆகிய இருவரையும் இரண்டு எதிரிப் படைகளின் பக்கம் நிறுத்துகிறது. முதல் நூலின் வண்ணமும் வேடிக்கையும் குறைந்து, இழப்பும் பழிவாங்கலும் நிறைந்த போர்நாவலாகவே அது பல இடங்களில் நடக்கிறது. இப்படிப்பட்ட நூலில், காதல் எங்கே போயிற்று என்ற கேள்வியை விட்டுவிட்டு, தன் தரப்பு செய்யும் கொடுமையை இவர்களில் யார் முதலில் கேள்வி கேட்கிறார் என்று பார்த்துக்கொண்டே போங்கள். இருவரும் மறுபடி ஒருவரையொருவர் நெருங்க முடியுமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கும்.

புதிதாக நுழையும் மூன்றாம் ஆள்

காதலர்கள் விலகி நிற்கும்போது கதைக்குள் ஒரு புதியவர் வருவார். நகைச்சுவை தெரிந்தவராகவும், நாயகியை மதிப்பவராகவும், முதல் காதலனைவிடச் சில விஷயங்களில் மேலானவராகவும் இருப்பார். வாசகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். முக்கோணக் காதல் என்று முத்திரை குத்துவதற்கு முன்பு, இவருக்கு வேறு வேலை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். 'சீஜ் அண்ட் ஸ்டார்ம்' நூலில் அறிமுகமாகும் நிக்கோலாய், நாட்டை யார் ஆள வேண்டும் என்ற கேள்வியைக் கதைக்குள் கொண்டுவருபவர். பிற்பாடு 2019ஆம் ஆண்டில் 'கிங் ஆஃப் ஸ்கார்ஸ்' என்ற நூலில் அவரே மையமானார். மூன்றாம் ஆளை யார் பக்கம் சேர்ப்பது என்பதைவிட, அவர் வந்த பிறகு நாயகி தன்னைப் பற்றி என்ன புதிதாகத் தெரிந்துகொள்கிறாள் என்பது சுவையான கேள்வி.

மாயத்தின் விதிகளைக் காதலோடு சேர்த்துப் படியுங்கள்

ஃபேண்டஸிக்குப் பழகாதவர்கள், மாய விதிகள் பற்றிய பகுதிகளைப் பாடப்புத்தகம்போல் எண்ணித் தாண்டிவிடுவார்கள். நன்றாக எழுதப்பட்ட முத்தொகுதியில் மாயத்தின் விதியும் காதலின் தடையும் ஒன்றாகத்தான் இருக்கும். ஹாலி பிளாக்கின் கதையுலகில் ஃபேரி என்ற மாய இனத்தவரால் பொய் சொல்லவே முடியாது. அவர்களிடையே வளர்ந்த மனிதப் பெண்ணான ஜூடால் முடியும். முதல் நூலில் இது அவளுக்குக் கிடைத்த ஓர் ஆயுதமாகத் தெரிகிறது. 2019ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் நூலான 'த விக்கட் கிங்' முழுவதிலும், அதிகாரமும் ஈர்ப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது, அதே விதி வேறு முகம் காட்டுகிறது. பொய் சொல்ல முடியாதவன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான். ஆனால் கேட்பவள் எண்ணிக்கொள்ளும் பொருளில்தான் அது உண்மை என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இத்தகைய நூலில் உரையாடல்களை மெதுவாக வாசியுங்கள். ஒரு கேள்விக்கு நேர்ப்பதில் வந்ததா, வேறொரு கேள்விக்கான பதில் வந்ததா, மௌனமா, எதிர்க்கேள்வியா என்று பாருங்கள். வாக்குக் கொடுக்கும் காட்சி வந்தால் அதன் சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "உன்னை என் கையால் துன்புறுத்த மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர்களின் கைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அப்போதே கவனித்தவருக்கு, இருநூறு பக்கம் கழித்து வரும் துரோகம் எதிர்பாராத இடி ஆகாது; நெடுநேரமாகக் காத்திருந்த வலியாகவே அது வந்து சேரும். எனக்கு இரண்டாவது வகை வாசிப்புதான் பிடிக்கும்.

நடுவில் தொய்வு வந்தால்

வரும். பாதிக்குச் சற்று முன்னால் பயணங்களோ, ஆலோசனைக் கூட்டங்களோ, பயிற்சிகளோ நீண்டுகொண்டே போகும் ஒரு பகுதியை எதிர்பாருங்கள். அங்கே பக்கங்களைத் தாண்டிப் போவதைவிட, வாசிக்கும் அளவை ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாகக் குறைத்துக்கொள்வது மேல். ஒலிநூல் கிடைத்தால் அந்தப் பகுதியைக் காதால் கேட்டுக் கடப்பதும் நல்ல உத்தி. கற்பனைப் பெயர்களின் உச்சரிப்பும் அதில் தெளிவாகிவிடும். நாயகி வேண்டுமென்றே தவறான முடிவுகளை எடுப்பதாகத் தோன்றி எரிச்சல் வந்தால், உங்கள் தாளில் உள்ள இரண்டாவது குறிப்புக்குத் திரும்புங்கள். உங்களுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளுக்கும் தெரிந்திருந்து அப்படிச் செய்தால், அது பாத்திரத்தின் பிழையா எழுத்தின் பிழையா என்று கேட்பதற்கு வாசகருக்கு முழு உரிமை உண்டு. சில இரண்டாம் நூல்கள் உண்மையிலேயே இழுத்து நீட்டப்பட்டவைதான், அதை மறைப்பதற்கில்லை.

கடைசி நூறு பக்கங்கள்

இந்தப் பகுதியைத் துண்டு துண்டாக வாசிக்காமல், ஒரே அமர்வில் முடிக்க நேரம் ஒதுக்குங்கள். இதுவரை மெல்ல நகர்ந்த நூல் இங்கே திடீரென்று ஓடத் தொடங்கும். ஒளித்து வைத்தவை ஒவ்வொன்றாக வெளிவரும். முடிவு பெரும்பாலும் தோல்வியாகவோ, பிரிவாகவோ, அந்தரத்தில் தொங்கும் கிளிஃப்ஹேங்கராகவோ இருக்கும். மின்னூலில் வாசிப்பவர்கள், இன்னும் பத்து விழுக்காடு மீதி இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே கதை முடிந்துவிடலாம். நன்றியுரையும் அடுத்த நூலின் முதல் அத்தியாயமும் சேர்ந்து அந்தப் பத்து விழுக்காட்டை நிரப்பியிருக்கும். மூன்றாம் நூல் கையில் இல்லாதவர்கள் அந்த முன்னோட்ட அத்தியாயத்தைப் படிக்காமல் இருப்பதே நல்லது. பசியைக் கிளப்பிவிட்டு இலையை எடுத்துவிடுவது போன்றது அது.

மூன்றாம் நூலின் பின்னட்டையை இரண்டாம் நூல் முடியும் வரை பார்க்கவே கூடாது. பின்னட்டைச் சுருக்கத்தின் முதல் வரியே, இரண்டாம் நூலின் இறுதியில் யார் வீழ்ந்தார், யார் அரியணை ஏறினார் என்பதைச் சொல்லிவிடும். மூன்று நூல்களையும் ஒரே பெட்டியாக வாங்கியவர்கள் மூன்றாவதைத் தனியாக எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நண்பர்களோடு பேசும்போது எந்த அத்தியாயம் வரை வாசித்திருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவதும் உதவும்.

முடித்த அன்றே மூன்றாவதைத் திறக்கலாமா என்று பலர் கேட்பார்கள். முடிவு அந்தரத்தில் நின்றிருந்தால் திறந்துவிடுங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. முடிவு ஓரளவு அமைதியாக இருந்தால் சில நாட்கள் இடைவெளி விடுவது நல்லது. மூன்றாம் நூல் இன்னும் வெளிவராத முத்தொகுதி என்றால், பழைய தாளை எடுத்து நான்கு குறிப்புகளையும் புதுப்பித்து எழுதி நூலுக்குள்ளேயே செருகி வையுங்கள். காதலர்கள் இருவரும் கடைசியாக ஒருவருக்கொருவர் சொன்ன வாக்கியத்தையும், அந்த நேரத்தில் அவர்களில் யார் எதை மறைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நூலின் முதல் அத்தியாயத்தில் அவர்கள் மறுபடி பேசத் தொடங்கும்போது முதலில் தேவைப்படுபவை அந்த இரண்டு வரிகள்தான்.